டெனடோஸ்: சிங்கப்பூரில் தப்பி, கொழும்பில் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கதை என்ன?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானின் விமானங்கள் கொழும்பு துறைமுகத்தைத் தாக்கின. அன்று அங்கே மூழ்கிய கப்பல்களில் ஒன்று எச்எம்எஸ் டெனடோஸ். பிரிட்டிஷ் கடற்படையின் டிஸ்ட்ராயர் வகைக் கப்பல் அது. வயது 23.

அதற்கு நான்கு மாதம் முன்னால், 1941 டிசம்பரில், பிரிட்டனின் இரண்டு மாபெரும் போர்க்கப்பல்களுக்குக் காவலாக இதே டெனடோஸ் சிங்கப்பூரில் இருந்து கிளம்பியது. அந்த இரண்டு பெரிய கப்பல்களும் மூழ்கின. டெனடோஸ் தப்பியது. காரணம் வீரமும் இல்லை, தந்திரமும் இல்லை. எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்ததால் அதை முந்தைய நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டன், தமிழில் ஒரு சொல்லாகவே மாறிவிட்டது. 'அவன் பெரிய எம்டன்பா' என்று இன்றைக்கும் சொல்கிறோம். டெனடோஸுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்கவில்லை. ஆனா 1942ல் தமிழ்க் கடற்கரைக்கும் இலங்கைக்கும் இருந்த பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தச் சின்னக் கப்பலின் கணக்கைப் பார்த்தாலே போதும்.

டிஸ்ட்ராயர் என்றால் என்ன?

செய்தித்தாள்களில் 'நாசகாரிக் கப்பல்' என்று படித்திருப்பீர்கள். பெயரைக் கேட்டால் கடற்படையிலேயே பெரிய கப்பல் போலத் தோன்றும். உண்மையில் அது சின்ன கப்பலாகத்தான் பிறந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்பிடோ என்ற ஆயுதம் வந்தது. தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலின் அடிப்பகுதியில் மோதி வெடிக்கும் ஏவுகணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன படகு டார்பிடோவோடு வந்தால், பல ஆயிரம் டன் எடையுள்ள போர்க்கப்பலைக்கூட மூழ்கடிக்கலாம். செலவு குறைவு, சேதம் அதிகம். இன்றைக்கு ட்ரோன்களைப் பற்றி எந்தக் கவலை இருக்கிறதோ, அன்றைக்கு டார்பிடோ படகுகளைப் பற்றி அதே கவலை இருந்தது.

அந்தப் படகுகளை விரட்டிப் பிடித்து அழிக்க, அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய, ரொம்ப வேகமான கப்பல் தேவைப்பட்டது. 1893ல் கடலில் இறங்கிய பிரிட்டனின் எச்எம்எஸ் ஹாவக் அந்த வகையில் முதல் கப்பல்களில் ஒன்று. 'டார்பிடோ படகு அழிப்பான்' என்பதுதான் முழுப்பெயர். நாளடைவில் முன்பகுதி உதிர்ந்து, 'அழிப்பான்' மட்டும் மிஞ்சியது. அதுதான் டிஸ்ட்ராயர்.

முதல் உலகப் போரில் வேலை மாறியது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தன. 1917ல் பிரிட்டன் சரக்குக் கப்பல்களைக் கூட்டமாக அனுப்பி, சுற்றிலும் காவல் வைக்கும் முறைக்கு மாறியது. அந்தக் காவலுக்கும், பெரிய போர்க்கப்பல்களின் காவலுக்கும் டிஸ்ட்ராயர்தான் தேவை. எனவே அவசர அவசரமாகக் கட்டினார்கள். அந்த அவசரத்தில் பிறந்ததுதான் 'எஸ்' வகை. டெனடோஸ் அதில் ஒன்று.

டெனடோஸ் எப்படிப்பட்ட கப்பல்?

'எஸ்' வகையில் மொத்தம் 67 கப்பல்கள் கட்டி முடிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றின் பெயர் ஆங்கில எழுத்து எஸ் அல்லது டி-யில் தொடங்கும். டெனடோஸ் என்பது துருக்கியின் டார்டனல்ஸ் நீரிணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தீவின் பழைய கிரேக்கப் பெயர்.

இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், ஹெபர்ன் என்ற ஊரில் ஹாத்தோர்ன் லெஸ்லி நிறுவனம் இதைக் கட்டியது. கடலில் இறங்கியது 1918 அக்டோபரில். அடுத்த மாதமே, நவம்பர் 11ல், முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. கடற்படைப் பணியில் சேர்ந்தது 1919ல். அதாவது எந்தப் போருக்காகக் கட்டினார்களோ, அந்தப் போரை இந்தக் கப்பல் பார்க்கவே இல்லை.

அளவுகளைப் பாருங்க:

நீளம் சுமார் 84 மீட்டர். புனே ரயில் நிலையத்தில் நிற்கும் ஒரு எக்ஸ்பிரஸின் நாலு பெட்டிகளைவிடச் சற்றே குறைவு. அகலம் சுமார் 8 மீட்டர். எடை சுமார் 1,000 டன். ஆட்கள் சுமார் 90 பேர்.

ஆயுதங்கள்: 4 அங்குல பீரங்கிகள் மூன்று, 21 அங்குல டார்பிடோ குழாய்கள் நான்கு. விமானங்களைச் சுடுவதற்கென்று சிறிய 'பாம்-பாம்' துப்பாக்கி ஒன்று. பெரிய பீரங்கிகள் மூன்றும் எதிரிக் கப்பலைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டவை, வானத்தை நோக்கிச் சுடுவதற்காக அல்ல. 1918ல் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. 1942ல் தெரிந்தது.

வேகம்: 36 நாட். மணிக்குச் சுமார் 67 கிலோமீட்டர். லோனாவாலா காட் பகுதியில் கார் ஏறும் வேகத்தில், 1,000 டன் இரும்பு கடலில் ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். இன்றைய அளவுகோலிலும் அது அசத்தலான வேகம்.

அப்போ பிரச்சினை எங்கே? எண்ணெய்த் தொட்டியில்.

வேகம் இருந்தது, தூரம் இல்லை

டெனடோஸ் போன்ற கப்பலில் சுமார் 300 டன் எண்ணெய் நிரப்பலாம். அதை எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி, கப்பலை ஓட்டுவார்கள். 15 நாட் என்ற நிதானமான வேகத்தில் போனால் சுமார் 2,750 கடல் மைல் வரை தாக்குப்பிடிக்கும். கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 5,100. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனா வேகம் கூடும்போது கணக்கே மாறிவிடும். கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க, என்ஜின் சக்தியைத் தோராயமாக எட்டு மடங்காக்க வேண்டும். நேரம் பாதியாகக் குறைந்தாலும், அதே தூரத்துக்கு நாலு மடங்கு எண்ணெய் செலவாகும். எக்ஸ்பிரஸ்வேயில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டியவர்களுக்கு மைலேஜ் என்ன ஆகும் என்று தெரியும். கடலில் அது இன்னும் கொடுமை.

கப்பல் பொறியியலில் இந்தக் கணக்குதான் பால பாடம். புனே மாவட்டம் லோனாவாலாவில் இருக்கும் ஐஎன்எஸ் சிவாஜி, கடற்படையின் என்ஜின் பொறியாளர்களுக்கான பயிற்சித் தளம். 1945 பிப்ரவரியில், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே தொடங்கப்பட்டது. கடலே இல்லாத ஊரில் கப்பல் படிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: ஒரு போர்க்கப்பலின் தலைவிதியைப் பல நேரங்களில் முடிவு செய்வது மேல்தளத்தில் இருக்கும் பீரங்கி இல்லை, கீழே இருக்கும் என்ஜின் அறைதான்.

'எஸ்' வகைக் கப்பல்களை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் மனதில் இருந்தது வட கடல். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே இருக்கும் கடல். அதன் அதிகபட்ச அகலமே சுமார் 580 கிலோமீட்டர்தான். காலையில் போய், சண்டை போட்டு, அடுத்த நாள் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாம். அதற்கு 300 டன் எண்ணெய் தாராளம்.

வங்காள விரிகுடாவின் அகலம் சுமார் 1,600 கிலோமீட்டர். வட கடலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அங்கேதான் இந்தக் கப்பல் கடைசியில் வந்து சேர்ந்தது.

11ல் 5: பழைய கப்பல்கள் எங்கே போயின?

1930ல் லண்டனில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகள் எத்தனை டன் டிஸ்ட்ராயர் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு விதித்தது. பழைய கப்பலுக்குப் பதில் புதிது கட்ட ஒரு வயது வரம்பும் உண்டு. 1921க்கு முன் கட்டத் தொடங்கிய டிஸ்ட்ராயர்களுக்கு அது 12 ஆண்டுகள். அந்தக் கணக்குப்படி டெனடோஸ் 1931லேயே ஓய்வு பெற்றிருக்கலாம்.

அதோடு பிறந்த கப்பல்களில் பெரும்பாலானவை 1930களில் உடைக்கப்பட்டு இரும்பாகிவிட்டன. 1939ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது 67ல் மிஞ்சியவை 11.

அந்த 11 கப்பல்களும் போரில் என்ன ஆயின என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்.

பிரிட்டனைச் சுற்றிய கடல்களில் பணியாற்றியவை ஆறு: சேபர், சலாடின், சார்டோனிக்ஸ், சிமிட்டர், ஷிகாரி, ஸ்டர்டி. இதில் ஸ்டர்டி மட்டும் 1940 அக்டோபரில் ஸ்காட்லாந்துக் கரையில் தரைதட்டி உடைந்தது. எதிரி தாக்கி மூழ்கியது ஒன்றுகூட இல்லை. ஐந்து கப்பல்கள் போர் முடியும்வரை பிழைத்தன. 'வேட்டைக்காரன்' என்ற நம்ம நாட்டுச் சொல்லையே பெயராகக் கொண்ட ஷிகாரிதான், 1940 ஜூன் 4 அன்று டன்கிர்க்கில் இருந்து வீரர்களை மீட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்பிய கப்பல்.

ஆசியாவில் ஹாங்காங், சிங்கப்பூர் பக்கம் இருந்தவை ஐந்து: ஸ்கவுட், ஸ்ட்ராங்ஹோல்டு, டெனடோஸ், தேனட், த்ரேசியன். இதில் நான்கு, 1941 டிசம்பரில் இருந்து 1942 ஏப்ரலுக்குள், ஐந்தே மாதத்தில் போய்விட்டன.

த்ரேசியன்: 1941 டிசம்பரில் ஹாங்காங்கில் சேதமடைந்து கரையேற்றப்பட்டது. ஜப்பானியர்கள் அதை மீட்டுத் தங்கள் ரோந்துக் கப்பலாக ஓட்டினார்கள்.

தேனட்: 1942 ஜனவரி 27, மலேயாவின் எண்டாவ் கடற்பகுதியில் மூழ்கியது.

ஸ்ட்ராங்ஹோல்டு: 1942 மார்ச் 2, ஜாவாவுக்குத் தெற்கே மூழ்கடிக்கப்பட்டது.

டெனடோஸ்: 1942 ஏப்ரல் 5, கொழும்பு.

ஸ்கவுட் மட்டும் பிழைத்தது.

ஐந்து, ஆறு என்ற எண்கள் ரொம்பச் சின்னவை. இதை வைத்துப் பெரிய சூத்திரம் எழுத முடியாது. அதிர்ஷ்டமும் இதில் கலந்திருக்கும். ஆனாலும் ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள் இவை. வயது ஒன்று, என்ஜின் ஒன்று, பீரங்கி ஒன்று. வேறுபட்டது அவை நிறுத்தப்பட்ட இடம் மட்டும்தான். ஐரோப்பாவில் இந்தப் பழைய கப்பல்களுக்குப் பக்கத்தில் புதிய கப்பல்களும், தரைத்தள விமானங்களும் இருந்தன. ஆசியாவில் இவையே முன்வரிசையில் நின்றன.

1941 டிசம்பர்: எண்ணெய் காப்பாற்றிய நாள்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படைகள் மலேயாவிலும் தாய்லாந்திலும் இறங்கின. அன்று மாலை சிங்கப்பூரில் இருந்து ஆறு கப்பல்கள் வடக்கு நோக்கிக் கிளம்பின. அட்மிரல் டாம் ஃபிலிப்ஸ் தலைமை. நடுவில் புத்தம்புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், கூடவே பழைய ரிபல்ஸ். சுற்றிலும் காவலுக்கு நான்கு டிஸ்ட்ராயர்கள்: எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், ஆஸ்திரேலியாவின் வேம்பயர், டெனடோஸ். இந்தப் படைப்பிரிவுக்கு 'ஃபோர்ஸ் இசட்' என்று பெயர். விமானந்தாங்கிக் கப்பல் எதுவும் இதில் இல்லை.

பெரிய கப்பல்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடியதில், ஒரே நாளில் டெனடோஸின் எண்ணெய் குறைந்துவிட்டது. 9ஆம் தேதி மாலை, அதைச் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகச் சொன்னார் ஃபிலிப்ஸ்.

போகும்போது ஒரு வேலையும் கொடுத்தார். அடுத்த நாள் காலை 8 மணிக்கு, சிங்கப்பூருக்கு ரேடியோவில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்: திரும்பி வரும் படைக்குக் காவலாக டிஸ்ட்ராயர்களை அனுப்பிவையுங்கள் என்று. இதை ஏன் அவரே அனுப்பவில்லை? ரேடியோ அலையை வைத்து, அனுப்பும் கப்பல் எங்கே இருக்கிறது என்று எதிரி கண்டுபிடித்துவிடலாம். தூரத்தில் போய்விட்ட டெனடோஸ் பேசினால், பெரிய கப்பல்களின் இடம் வெளியே தெரியாது.

10ஆம் தேதி காலை சுமார் 10 மணிக்கு ஜப்பானிய விமானங்கள் ஒரு கப்பலைக் கண்டன. அது டெனடோஸ். ஒன்பது விமானங்கள், ஆளுக்கு ஒரு 500 கிலோ குண்டு. ஒன்பதும் குறி தவறின. பெரிய போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்க எடுத்து வந்த குண்டுகள், 1,000 டன் கப்பலைச் சுற்றிக் கடலில் விழுந்து வீணாயின.

சுமார் ஒரு மணி நேரத்தில் மற்ற விமானங்கள் உண்மையான இலக்கைக் கண்டுபிடித்தன. மதியம் 12.30 மணிவாக்கில் ரிபல்ஸ் மூழ்கியது. 1.20 மணிவாக்கில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கியது. 840 பேர் இறந்தார்கள். அட்மிரல் ஃபிலிப்ஸும் அதில் ஒருவர். மற்ற மூன்று டிஸ்ட்ராயர்களும் 2,000க்கும் மேற்பட்டோரைத் தண்ணீரில் இருந்து மீட்டன. கடலில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தது அதுவே முதல் தடவை.

டெனடோஸ் சேதமில்லாமல் சிங்கப்பூருக்குத் திரும்பியது.

ஜாவாவில் இருந்து கொழும்புக்கு

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த இலக்கு ஜாவா. அந்த மாதக் கடைசியில் ஜாவாவின் மேற்குப் பக்கத்தில் நேச நாடுகளின் ஐந்து கப்பல்கள் இருந்தன: ஹோபார்ட், டனே, டிராகன் என்ற மூன்று க்ரூஸர்கள், ஸ்கவுட், டெனடோஸ் என்ற இரண்டு டிஸ்ட்ராயர்கள். ஜப்பானியப் படை வருகிறது என்று தேடிப் போனார்கள். கண்ணில் படவில்லை. பிறகு சுந்தா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலுக்கு வெளியேறினார்கள்.

வழியில் சுமத்ராவின் பாடாங் துறைமுகத்தில் நின்று, போரில் இருந்து தப்பி வந்தவர்களை ஏற்றிக்கொண்டார்கள். மார்ச் தொடக்கத்தில் கொழும்பை அடைந்தார்கள்.

அதே நாட்களில் ஜாவாவின் கிழக்குப் பக்கம் போனவர்கள் கதி வேறு. ஃபோர்ஸ் இசட்டில் டெனடோஸோடு போன எலெக்ட்ரா, பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடல் சண்டையில் மூழ்கியது. டெனடோஸ் இரண்டாவது தடவையாகத் தப்பியிருந்தது.

ஆனா பல வாரம் ஓய்வில்லாமல் ஓடிய பழைய கப்பல். பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அதற்காகக் கொழும்பில் நிறுத்தினார்கள்.

ஈஸ்டர் ஞாயிறு: நகர முடியாத கப்பல்

பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படைதான் இப்போது இலங்கையை நோக்கி வந்தது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்.

பிரிட்டனுக்கு இது முன்பே ஓரளவு தெரியும். ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் நடக்கும் என்று உளவுத் தகவல் வந்திருந்தது. கிழக்குக் கடற்படையின் தலைவர் அட்மிரல் சாமர்வில் தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் குறைந்தன. எனவே ஏப்ரல் 2 இரவு, மாலத்தீவின் அட்டு அட்டோலில் இருந்த ரகசியத் தளத்துக்குக் கிளம்பிப் போனார். மறுபடியும் அதே எண்ணெய் கணக்கு.

ஏப்ரல் 4 அன்று, காலி அருகே கொக்கல தளத்தில் இருந்து பறந்த ஒரு கேட்டலினா விமானம் ஜப்பானியப் படையைக் கண்டுபிடித்தது. அதன் தலைவர் கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பிர்ச்சால். தன் விமானம் சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் அவர்கள் ரேடியோவில் தகவல் அனுப்பிவிட்டார்கள். அவரும் உயிர் பிழைத்த மற்றவர்களும் கைதிகளாகப் பிடிபட்டார்கள்.

தகவல் கிடைத்ததும் நகரக்கூடிய கப்பல்களையெல்லாம் கொழும்புத் துறைமுகத்தில் இருந்து வெளியேற்றினார்கள். டார்செட்ஷயர் என்ற க்ரூஸர், பழுது வேலையை நிறுத்திவிட்டு, கார்ன்வால் என்ற இன்னொரு க்ரூஸரோடு அன்று இரவே கிளம்பியது. டெனடோஸால் நகர முடியவில்லை. பழுதுபார்க்கும் வேலையின் நடுவில் இருந்தது.

அடுத்த நாள் காலை 120க்கும் அதிகமான ஜப்பானிய விமானங்கள் வந்தன. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும், பிரிட்டிஷ் போர் விமானங்கள் பல அப்போது தரையில்தான் இருந்தன. துறைமுகத்தில் ஹெக்டர் என்ற ஆயுதம் தாங்கிய வணிகக் கப்பலும் டெனடோஸும் மூழ்கின. டிசம்பரில் நடுக்கடலில் ஒன்பது குண்டுகளுக்கு விலகி ஓடிய கப்பல், இங்கே கட்டிப்போட்ட நிலையில் குண்டு வாங்கியது. 36 நாட் வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

துறைமுகத்தை விட்டுப் போயிருந்தால் தப்பியிருக்குமா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தப்பிக்கக் கிளம்பிய டார்செட்ஷயரையும் கார்ன்வாலையும் அன்று மதியமே ஜப்பானிய விமானங்கள் நடுக்கடலில் கண்டுபிடித்து மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து முன்பே வெளியேறியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும், அதற்குக் காவலாகப் போன வேம்பயரும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கின. ஹெர்மிஸில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் மிச்சம் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் இருக்கிறது.

ஃபோர்ஸ் இசட்டுக்குக் காவல் நின்ற நான்கு டிஸ்ட்ராயர்களில் மூன்று, நான்கே மாதத்தில் கடலடிக்குப் போய்விட்டன. எக்ஸ்பிரஸ் மட்டும் மிஞ்சியது.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். அதே வாரத்தில், ஏப்ரல் 6 அன்று, விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அவை அப்போது சென்னை மாகாணத்தின் துறைமுகங்கள். அட்மிரல் ஒசாவாவின் தனிப்படை வங்காள விரிகுடாவில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது.

சென்னையில் பீதி பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிடைத்த ரயிலிலும் மாட்டு வண்டியிலும் நகரத்தை விட்டுக் கிளம்பின. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி காலத்துக் கதைகளில் 'இவாக்குவேஷன்' என்ற சொல்லைக் கேட்டிருந்தால், அது பெரும்பாலும் இந்த 1942 ஏப்ரலைப் பற்றியதுதான்.

அந்தப் பீதியை அநாவசியம் என்று ஒதுக்க முடியாது. அந்த வாரம் ஜப்பானியப் படை சென்னைக்கு வந்திருந்தால் தடுக்க என்ன இருந்தது? சாமர்வில்லின் படை பழைய போர்க்கப்பல்களை நம்பியிருந்தது. அவர் எதிரியை நேரில் சந்திக்காமல் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பான் அந்த மாதமே பசிபிக் பக்கம் திரும்பியது. இந்தியாவின் மீது படையெடுத்து இறங்கும் திட்டம் அந்தப் படையிடம் இல்லை. ஆனா அது அன்றைக்குச் சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

ஒரே பார்வையில் டெனடோஸ்

1918 அக்டோபர்: ஹெபர்னில் கடலில் இறங்கியது.
1919: பணியில் சேர்ந்தது.
1931: லண்டன் ஒப்பந்தக் கணக்குப்படி மாற்றப்பட வேண்டிய வயது.
1941 டிசம்பர் 8: ஃபோர்ஸ் இசட்டோடு சிங்கப்பூரில் இருந்து கிளம்பியது.
1941 டிசம்பர் 9: எண்ணெய் குறைந்ததால் திருப்பி அனுப்பப்பட்டது.
1941 டிசம்பர் 10: ஒன்பது குண்டுகளில் இருந்து தப்பியது.
1942 பிப்ரவரி: ஜாவாவில் இருந்து வெளியேறியது.
1942 மார்ச்: கொழும்பு வந்து சேர்ந்தது.
1942 ஏப்ரல் 5: துறைமுகத்தில் மூழ்கியது.

இன்றைய டிஸ்ட்ராயர் எப்படி மாறியிருக்கிறது?

சுதந்திர இந்தியா தன் முதல் டிஸ்ட்ராயர்களையும் பிரிட்டனிடம் இருந்துதான் வாங்கியது. 1949ல் வந்த ராதர்ஹாம், ரிடவுட், ரெய்டர் என்ற மூன்று கப்பல்கள் ராஜ்புத், ரஞ்சித், ராணா என்று பெயர் மாறின. மூன்றும் இரண்டாம் உலகப் போரில் ஓடிய பழைய கப்பல்கள்.

இப்போது நிலைமை வேறு. 2021 நவம்பரில் பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் விசாகப்பட்டினம், மும்பை மசகான் டாக்கில் கட்டப்பட்டது. நீளம் 163 மீட்டர். எடை சுமார் 7,400 டன். டெனடோஸைப் போல ஏழு மடங்குக்கு மேல். வேகம் என்ன தெரியுமா? 30 நாட் சொச்சம். நூறு வருஷப் பழைய டெனடோஸைவிடக் குறைவு.

இது பின்னடைவு இல்லை. டெனடோஸும் அதன் கூட்டாளிகளும் கற்றுக்கொடுத்த பாடம். எதிரி விமானத்திலும் ஏவுகணையிலும் வரும்போது, கப்பல் 30 நாட்டில் ஓடுகிறதா 36 நாட்டில் ஓடுகிறதா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு தூரத்தில் எதிரியைக் கண்டுபிடிக்கிறது, வானத்தை நோக்கி எப்படிச் சுடுகிறது, திரும்பி வராமல் எத்தனை நாள் கடலில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஐஎன்எஸ் தீபக், ஐஎன்எஸ் சக்தி போன்ற எண்ணெய்க் கப்பல்கள் நடுக்கடலிலேயே மற்ற கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்புவதும் அதனால்தான்.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயமாகத் தோன்றலாம். ஒரு சின்ன வேலைக்காக அவசரத்தில் எழுதிய மென்பொருள், 20 வருஷம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத பெரிய வேலையைச் சுமந்துகொண்டு நிற்கும். 'இப்போதைக்கு ஓடுதே, விடு' என்பார்கள். எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான், அது ஓடுவதும் விழுவதும்.

ஆனா இங்கே விழுந்தது மென்பொருள் இல்லை. கப்பலில் மாலுமிகள் இருந்தார்கள். அதன் காவலை நம்பி ஒரு துறைமுகமும், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கடற்கரை முழுக்க மக்களும் இருந்தார்கள். வட கடலுக்காகக் கட்டிய கப்பலை, வயது முடிந்து 11 ஆண்டுகள் கழித்து, இந்தியப் பெருங்கடலின் முன்வரிசையில் நிறுத்தியது மாலுமிகள் எடுத்த முடிவு இல்லை. எந்தக் கடல் முக்கியம், எந்தக் கடல் அடுத்தபடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று லண்டனில் இருந்தவர்கள் போட்ட வரிசை அது.